கரிசல்காட்டில் நூற்றைம்பது மீட்டர் நரம்பு

பிற்பகல் மூன்று இருபதுக்கு ரீலிலிருந்து நரம்பு துள்ளி எழுந்தது. நேரம் இவ்வளவு துல்லியமாக ஞாபகம் இருப்பதற்குக் காரணம், அந்த நொடியில் நான் சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கால் மணி நேரத்தில் முடித்துவிட்டேன் பார் என்று மகளிடம் பெருமையடிக்க வாயைத் திறந்திருந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது. கையைச் சற்றுத் தளர்த்தியதுதான் தாமதம், சுற்றி வைத்த நைலான் நரம்பு முழுவதும் வளையம் வளையமாகக் கிளம்பி, ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு, என் மடியில் ஒரு குருவிக்கூடு போல உட்கார்ந்தது.

அது என் தம்பியின் தூண்டில் ரீல். தம்பிக்குக் கப்பலில் வேலை. முந்தைய விடுமுறைக்கு வந்தபோது தூண்டில் கம்பையும் ரீலையும் எங்கள் வீட்டுப் பரணில் போட்டுவிட்டுப் போயிருந்தான். கோவில்பட்டி வெயிலில் அதில் இருந்த பழைய நரம்பு இற்றுவிட்டது. இந்த முறை புது நரம்பு ஓர் உருளை, நண்பர் ஒருவர் மூலம் முன்னதாகவே வந்து சேர்ந்தது. அன்று ராத்திரி ரயிலில் அவனும் வருகிறான். மறுநாள் விடியும் முன்னே மகளைத் தூத்துக்குடிக்குக் கூட்டிப்போய், கடலோரப் பாறைமேல் நிறுத்தி, அவள் கையாலேயே தூண்டில் வீசச் சொல்லித்தரப் போகிறான். அவள் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதும்போதே அவர்களுக்குள் முடிவான ஏற்பாடு இது.

எனக்குத் தண்ணீர் என்றால் பயம். எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வந்தால் அன்றைக்குப் பண்டிகை. பிளாஸ்டிக் குடத்தைவிட ஆழமான தண்ணீரை நான் பயமில்லாமல் பார்த்ததே இல்லை. இதில் கடல், அதுவும் பாறை, அதுவும் இருட்டோடு போவது. நான் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. "உன் தம்பி, உன் மக. நீயே முடிவு பண்ணு" என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் காலையிலேயே கழுகுமலையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்.

முதல் நாள் தம்பி போனில் சொல்லத்தான் செய்தான்.

"அக்கா, நரம்பை முறுக்கு ஏறாம சுத்தணும். கூட ஒரு பேப்பர் இருக்கு, படம் போட்டிருக்கு. பாப்பாவைப் பாத்துச் செய்யச் சொல்லு."

"ஏலே, யாருகிட்ட சொல்லுத? பதினேழு வருசமா எனக்கு நூல்லதான் பொழைப்பு ஓடுது."

அது பொய்யில்லை. பி.ஏ. முடித்த கையோடு தையல் பழகி, வீட்டிலேயே இரண்டு மிஷின் போட்டு, புதியம்புத்தூரிலிருந்து வரும் நைட்டிகளுக்கும் குழந்தைக் கவுன்களுக்கும் ஓரம் அடித்துக்கொடுப்பவள் நான். கண்ணை மூடிக்கொண்டு பாபின் சுற்றுவேன். எங்கள் ஊரில் நூல் சுற்றத் தெரியாதவர் யார்? மில்லில் வேலை பார்ப்பவர், தையல்காரர், பட்டம் விடுபவர், எல்லோருக்கும் ஒரே முறைதான். நூல்கண்டை ஒரு கம்பியில் குத்து, அது உருளும், நூல் வரும்.

ஆகவே நரம்பு உருளைக்குள் ஒரு பென்சிலைச் செருகி, இரண்டு முனையையும் மகளைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, நான் கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தேன்.

"எம்மா, படத்துல உருளையைத் தரையில படுக்கப் போட்டிருக்கு. அது உருளவே கூடாதாம்."

"படம் போட்டவன் தையல் மிஷினைக் கண்ணால பாத்திருப்பானாட்டி? ஆட்டாம பிடி."

அவள் ஆட்டாமல்தான் பிடித்தாள். மூன்று இருபது வரை.

தப்பு எங்கே என்று பிறகு அவள்தான் அந்தப் பேப்பரை வைத்துக்கொண்டு எனக்குப் புரியவைத்தாள். தையல் மிஷினில் பாபின் தானே சுழன்று நூலை இழுத்துக்கொள்கிறது. இந்த ரீலில் நரம்பு ஏறும் உருளை சுழல்வதே இல்லை. ஒரு வளையக் கம்பிதான் அதைச் சுற்றிச் சுற்றி வந்து நரம்பைப் போர்த்துகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் நரம்பில் ஒரு முறுக்கு விழும். அதைச் சரிக்கட்டத்தான் புது உருளையைத் தரையில் படுக்கவைப்பது. அதன் முகத்திலிருந்து நரம்பு வளையமாகக் கழன்று வரும்போது எதிர்ப்பக்கம் ஒரு முறுக்கு விழுந்து, அதுவும் இதுவும் கழிந்துவிடும். பத்துச் சுற்று சுற்றிவிட்டு நரம்பைத் தளர்த்திப் பார்க்க வேண்டும். சுருண்டால் உருளையைப் புரட்டிப் போட வேண்டும். அவ்வளவுதான். நானோ பத்துச் சுற்றில் பார்க்கவில்லை. நூற்றைம்பது மீட்டரையும் ஏற்றிவிட்டுப் பார்த்தேன்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். மடியில் கிடந்த அந்தச் சிக்கலைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. நரம்பு கெட்டது, கடலும் இல்லை, பாறையும் இல்லை. முகத்தை எவ்வளவுதான் வருத்தமாக வைத்திருந்தாலும் அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"உனக்குச் சந்தோசந்தானே?"

கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். சாதாரணமாகக் கேட்டாள். பென்சிலை எடுத்து டப்பாவில் போட்டாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"யாருட்டி சொன்னா? எடு அந்தப் பேப்பரை. இதைச் சரிபண்ண வழி போட்டிருக்கும்லா?"

போட்டிருந்தது. கடைசிப் படத்தில் ஒருவர் படகில் போய்க்கொண்டே, நுனியில் முள்ளும் இல்லாமல் ஈயக்கட்டியும் இல்லாமல் நரம்பைப் பின்னால் தண்ணீரில் விட்டிருந்தார்.

"படகுக்கு எங்க போக?" என்றேன்.

"தரையிலயும் இழுக்கலாமாம். மொத்த நரம்பையும் நீளத்துக்கு விட்டுட்டு, நுனியை விட்டுரணும். ஈரத்துணியில பிடிச்சு இழுத்துச் சுத்தச் சுத்த, முறுக்கு எல்லாம் நுனி வழியா அவுந்து போயிருமாம். நுனி சும்மா கிடக்கணும். அதான் முக்கியம்."

சிக்கலைப் பிரிக்கவே முக்கால் மணி நேரம் ஆனது. இருவர் விரலும் சிவந்துவிட்டன. நடுவில் அவள் ஒரு சிரிப்புச் சிரித்தாள், நானும் சிரித்தேன், எதற்கென்று இப்போது ஞாபகமில்லை. பிரித்ததை அப்படியே தற்காலிகமாக ரீலில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காட்டுக்குப் போனோம். காய்ந்த பருத்திச் செடிகளின் மாரைப் பிடுங்கிவிட்டு, சித்திரை வெயிலில் வாய் பிளந்து கிடந்த வெறும் கரிசல். நூற்றைம்பது மீட்டர் என்ன, எட்டயபுரம் வரைக்கும்கூட நரம்பை நேராக இழுக்கலாம் போலிருந்தது.

அங்கே ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். உரத்துக்காகக் கோடையில் வெறுங்காட்டில் ஆடுகளை அடைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பகலில் ஆடுகள் அங்கங்கே மேய்ந்துகொண்டிருக்கும். கிடைக்காரம்மா தார்ப்பாய்க் குடிசையின் வாசலில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தூண்டில் கம்போடு வரும் என்னைப் பார்த்ததும் கை அப்படியே நின்றுவிட்டது.

"என்ன தாயி, இங்கன மீன் இருக்குன்னு யாரு சொன்னா?"

"மீன் பிடிக்க இல்லக்கா. நரம்புல முறுக்கு எடுக்கணும்."

"கண்மாய்ல தண்ணி இருந்த காலத்துலயே ஒருத்தரும் இப்படிக் கம்பு வச்சுப் பிடிக்கல. சரி, இழுங்க. எங்க ஆடு தட்டிவிட்டுட்டா என்னையக் கேக்கக் கூடாது."

நான் வேலியோரம் நின்று ரீலின் வளையக் கம்பியைத் திறந்து வைத்தேன். மகள் நுனியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நரம்பு என் ஆள்காட்டி விரலைத் தொட்டுக்கொண்டே கழன்று போயிற்று. அவள் எடுத்து வைக்கும் அடி ஒவ்வொன்றும் விரலில் தெரிந்தது. அது ஒரு சுகமாகவே இருந்தது. நிலம் ஓடைப்பக்கம் சரியும் இடத்தில் அவள் இடுப்புக்கு மேல்தான் தெரிந்தாள். பிறகு தலை. பிறகு அதுவும் இல்லை. விரலில் அடிகள் மட்டும்.

அப்போதுதான் வெளிச்சம் மாறியதைக் கவனித்தேன். கழுகுமலைப் பக்கம் வானம் அடுப்புச்சட்டியின் அடிப்புறம் போல இருந்தது. புழுதி எழுந்து வந்தது, கண்ணை மூடினேன், திறப்பதற்குள் கோடைமழை கொட்டியது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. ஓர் இடி. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

விரலில் நரம்பு திடீரென்று விர்ரென்று ஓடியது. நடக்கும் வேகமில்லை, ஓடும் வேகமும் இல்லை, அவளால் ஓடவே முடியாத வேகம். பதறிப்போய் வளையக் கம்பியை மூடினேன். ரீல் 'கிர்ர்ர்' என்று அலறியது. நேராகப் போன நரம்பு பக்கவாட்டில் இழுத்தது. பிறகு சட்டென்று நின்றது.

என்ன நினைத்தேன் என்று வரிசையாகச் சொல்ல முடியாது. ஓடையில் வெள்ளம், மின்னல், பாம்பு, எல்லாம் ஒரே சமயத்தில். கடலுக்கு அனுப்பப் பயந்தவள், மகளைக் கொண்டுபோய் வெட்டவெளியில் இடிக்குக் கீழே நிறுத்தியிருக்கிறேன் என்பது மட்டும் தெளிவாக இருந்தது.

நரம்பு போன வழியில் போனால் அவளிடம் போய்ச் சேரலாம். சுற்றிக்கொண்டே ஓடினேன். ஓடினேன் என்று சொல்வது மரியாதைக்கு. நனைந்த கரிசல் யாரையும் ஓட விடாது. அடிக்கு ஒரு கை மண் செருப்பில் ஏறி, நாலாவது அடியில் இரண்டு கால்களிலும் அம்மிக்கல் கட்டியதுபோல் ஆகிவிட்டது. செருப்புகளை அங்கேயே விட்டேன். நரம்பு விரலை அறுத்தது. நனைந்த முந்தானையை மடித்து அதற்குள் நரம்பைப் பிடித்துக்கொண்டு சுற்றினேன். கழுகுமலை முருகனுக்கு மொட்டை என்று வேண்டிக்கொண்டேன். யாருடைய தலை என்பதைக்கூடச் சொல்லவில்லை.

அந்தப் பக்கம் ஏதோ ஒன்று பிடித்திருக்கிறது என்று கனம் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தக் கனம்தான் எனக்கு ஆறுதல். சரிவை நெருங்கும்போது அது போய்விட்டது. ஒரு வெட்டு வெட்டியது, பிறகு நரம்பு எடையே இல்லாமல் வர ஆரம்பித்தது. சுற்றினேன். வந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஈரக் கரிசலில் புழுப்போல நெளிந்து, தன்னைத்தானே சுழற்றிக்கொண்டு, நுனி என் காலடிக்கு வந்து சேர்ந்தது. நுனியில் ஒன்றும் இல்லை. கத்தி வைத்து அறுத்ததுபோல் சுத்தமான வெட்டு.

இன்றைக்கும் தைத்துக்கொண்டிருக்கும்போது பாபினில் நூல் தீர்ந்து மிஷின் சட்டென்று லேசாக ஓடினால், மிதியிலிருந்து காலை எடுத்துவிடுவேன். எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் வந்து உட்காருவேன்.

சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். மழை எப்படி வந்ததோ அப்படியே விட்டது. அப்புறம்தான் சரிவுக்கு மேலே மழைக்குத் தலையில் மடித்துப் போடும் ஒரே சாக்குக் கொங்காணிக்குள் இரண்டு தலைகள் தெரிந்தன. ஒன்று கிடைக்காரம்மா. இன்னொன்று என் மகள். அவள் கையில் ஒரு வெள்ளாட்டுக்குட்டி, எதுவுமே நடக்காததுபோல் அவள் துப்பட்டாவை மென்றுகொண்டிருந்தது.

"எம்மா, ஏன் இப்படி உக்காந்திருக்க? செருப்பை எங்க?"

குட்டியை நோக்கிக் கையைக் காட்டினேன். அவளே சொன்னாள். இடிக்கு மிரண்ட குட்டி நரம்புக்குள் பாய்ந்துவிட்டதாம். பின்னங்காலில் நரம்பு சுற்றிக்கொள்ள, அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடியிருக்கிறது. இவள் பின்னால் ஓடி, குடிசைப் பக்கம் மடக்கிப் பிடித்தாள். நான் இந்தப் பக்கம் உயிரைக் கொடுத்து இழுக்க இழுக்க, நரம்பு குட்டியின் காலை இறுக்கியிருக்கிறது.

"மாமா நரம்பாச்சேன்னு பாத்தேன். பொறவு அக்காகிட்ட அருவாளை வாங்கி அறுத்துட்டேன். கொஞ்சந்தான் போயிருக்கும். மாமா கேட்டா நான் சொல்லிக்கிடுதேன்."

குட்டியை இறக்கி விட்டுவிட்டு என் கையிலிருந்து ரீலை வாங்கினாள். வளையக் கம்பியைத் திறந்து, ஒரு முழம் நரம்பை உருவி, இரண்டு கைகளுக்கும் நடுவே தளரவிட்டுப் பார்த்தாள். மூன்று இருபதுக்குத் துள்ளிய அதே நரம்பு, தொட்டில் கயிறு போல அமைதியாகத் தொங்கியது. இன்னும் ஒரு முழம். அதுவும் அப்படியே.

"எம்மா! ஒரு முறுக்குகூட இல்ல. ஈரத்துணியில பிடிச்சு, நுனியைச் சும்மா விட்டு, அப்படியே படத்துல இருக்க மாதிரி! எப்படிச் செஞ்ச?"

படம் என் நினைவிலேயே இல்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. அவள் என் பக்கத்தில் குத்தவைத்து, முகத்தில் இருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டே மெல்லக் கேட்டாள்: "அப்ப நாளைக்கு மாமாகூடப் போகட்டா?"

நான் பதில் சொல்லுமுன் கிடைக்காரம்மா என்னைத் தலையிலிருந்து வெறுங்கால் வரை ஒருமுறை பார்த்தார். தூண்டில் கம்பைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். குடிசைக்குள் நின்ற நேரத்தில் அவள் எங்கள் வீட்டுக் கடல் வழக்கை முழுவதும் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். வெற்றிலைச் சாற்றை ஒதுக்கித் துப்பிவிட்டுச் சொன்னார்:

"இவளைத் தைரியமா கடலுக்கு அனுப்பு தாயி. உன்னையத்தான் இந்தக் காட்டுக்குள்ள தனியா விடக் கூடாது."