கரண்ட்டில் வெண்ணெய் எடுத்த பால்

கல்யாணமான முதல் வருஷமே எனக்கு மஞ்சள் காமாலை வந்து, எலும்பும் தோலுமாகிவிட்டேன். நெய், எண்ணெயைக் கண்ணில் காட்டக்கூடாது, ஆனால் புரதம் உள்ளே போகவேண்டும், வெண்ணெய் எடுத்த பால் கொடுங்கள், இல்லாவிட்டால் தேறமாட்டாள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் திண்டுக்கல்லில் ஒரு வெண்ணெய்க் கடைக்கு கரண்ட் மிஷின் வந்திருந்தது. கறந்த பாலைக் காய்ச்சாமல் அதில் ஊற்றுவார்கள். மிஷின் சுற்றச் சுற்ற ஒரு குழாயில் கிரீம், இன்னொன்றில் பால். என் கணவர் தூக்குவாளியில் வாங்கிவந்தார்.

மாமியார் வாளியைத் தொடவே இல்லை.

"கரண்டு பாஞ்ச பாலுடா. சத்தையெல்லாம் அது உறிஞ்சிருக்கும். போதாததுக்கு உள்ள கொஞ்சம் கரண்டும் தங்கியிருக்கும். இந்தப் புள்ள உடம்பு தாங்குமா?"

"கரண்டு மிஷினைத்தாம்மா சுத்துது, பாலுக்குள்ள போகாது" என்று கணவர் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார். என் மாமியாரிடம் வாதாடி ஜெயித்தவர் அந்தத் தெருவிலேயே கிடையாது.

சத்து இருக்கிறதா என்று மாமியாரே சோதித்தார். வீட்டுப் பால் ஒரு டம்ளர், கடைப் பால் ஒரு டம்ளர், இரண்டையும் காய்ச்சி எலுமிச்சம்பழம் பிழிந்தார். இரண்டும் திரிந்தன. துணியில் வடிகட்டிப் பார்த்தால் கடைப் பாலிலும் கட்டி நன்றாகவே தேறியது, அளவு மட்டும் கொஞ்சம் கம்மி. "வெண்ணெய்தான் போயிருக்கு" என்று அரைமனதாக ஒப்புக்கொண்டார்.

கரண்ட் பயம் மட்டும் போகவில்லை. மறுநாள் காலை பாலைக் காய்ச்சி ஆற்றிக் கொண்டுவந்தார். நான் கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தேன். சமையலறையிலிருந்த மணைப்பலகையை இழுத்துவந்து என் காலுக்கடியில் போட்டார். மரத்தில் கால் இருந்தால் ஷாக் அடிக்காது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது.

"செத்த இரு, நான் முதல்ல குடிக்கிறேன். எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நீ தொடாத."

கண்ணை இறுக மூடிக்கொண்டு பாதி டம்ளரைக் குடித்தார். சற்று நேரம் அசையாமல் நின்றார். பிறகு கண்ணைத் திறந்து மீதியை என்னிடம் நீட்டினார்.

"ஒண்ணும் பண்ணல. குடி தாயி."

அந்தப் பாலில்தான் நான் தேறினேன். ஆனால் அன்று அதை உடனே குடிக்க முடியவில்லை, அழுதுவிட்டேன். வீட்டில் இருந்தது அந்த ஒரு பலகைதான். அவர் வெறுந்தரையில் நின்றிருந்தார்.