வெறும் இழுப்பு

அன்று எங்கள் முத்தியால்பேட்டை வீட்டில் இருந்தவர்கள்: நான், என் மனைவி லுயீஸ், மகள் ஜிஸ்லேன், அவளைத் தங்கள் மகனுக்குக் கேட்டு வந்த ஜாக், அவர் மனைவி மதலேன், கல்யாண பேண்டு பேச வந்த வடிவேல். ஆறே பேர். வேறு எவனாவது தானும் இருந்ததாகச் சொன்னால் நம்பாதீர்கள். இது நடந்தது. நான் பொய் எழுதுகிறவன் அல்ல.

1958 ஆகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை. நல்ல வெயில். தாம்பூலத் தட்டு மாற்றுவதுதான் பாக்கி. மாலை 4.10க்கு மாடி அறையில் சத்தம் கேட்டது. ஹ்ஹீ... ஹ்ஹீ... அது என் தம்பி ஒகுஸ்த்தின் அறை. அவன் பிரெஞ்சுப் பட்டாளத்தோடு அல்ஜீரியா போய் இரண்டு வருடம். அறை பூட்டிக் கிடந்தது. சாவி என் சட்டைப் பையில்.

“மாடியில யாரு மவுத் ஆர்கன் ஊதுறது?” என்றாள் மதலேன்.

“மவுத் ஆர்கன்னு சொல்லாதீங்க. அர்மோனிக்கா.”

பிரெஞ்சுச் சொல்லை விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்தப் பிடிவாதத்தில், சத்தம் கேட்பதை நானே ஒப்புக்கொண்டதாகிவிட்டது. அதை நினைத்தால் இன்றும் எரிச்சலாக இருக்கிறது.

“பேரு இன்னாவா இருந்தா இன்னா சம்மந்தி? ஊதுறவன் யாரு? பொண்ணுக்குத் தெரிஞ்சவனா?” மதலேன் விடவில்லை.

“எனக்கு யாரையும் தெரியாது பப்பா,” என்று அழுதாள் ஜிஸ்லேன்.

அவனைப் பிடித்து இவர்கள் முன்னால் நிறுத்தாவிட்டால் என் மகளின் பெயர் போய்விடும். வடிவேலைக் கூட்டிக்கொண்டு ஏறினேன். பாதிப் படியில் அவன் நின்றுவிட்டான்.

“ஊதல முசியே. அதுல ஊதினா ஒரு சுரம், மூச்ச இழுத்தா ஒரு சுரம். இவன் இழுக்கிறான்... இழுத்துக்கினே இருக்கிறான். ஒரு தபாகூட ஊதல. வெறும் இழுப்பு.”

பூட்டைத் திறந்தேன். 4.22.

யாருமில்லை. ஜன்னல் உள்தாழ் போட்டபடி. தரையெங்கும் தூசி. ஒரு கால்தடம் இல்லை.

சத்தம் மட்டும் இருந்தது... கட்டிலில்... தலையணை உயரத்தில்.

“வெளியே வாடா!” கட்டிலைப் புரட்டினேன். அலமாரியை உலுக்கினேன்.

ஹ்ஹீ...

இன்னும் நீளமாக...

4.31. நின்றது.

வெறுங்கையோடு இறங்கினேன்.

“ஆளத் தப்பிக்க வுட்டுட்டீங்களா?” மதலேன் சிரித்தாள்.

செப்டம்பரில் ஒகுஸ்த்தோடு பட்டாளத்தில் இருந்த உழவர்கரைக்காரன் ஒருவன் அவன் சாவுச் செய்தியோடு வந்தான். தேதி கேட்டேன். ஆகஸ்ட் 17. குண்டு பட்ட நேரம் கேட்டேன். அங்கே பகல் 11.40. நம் கடிகாரத்தில் 4.10.

“நெஞ்சுல குண்டுண்ணே. அர்மோனிக்காவ வாய்ல வச்சிக்கினான். மூச்ச உள்ள இழுக்க முடிஞ்சிது. வெளிய ஊத வர்ல. இருபத்தோரு நிமிசம் இழுத்துக்கினு கெடந்தான்.”

ஜாக் வீட்டார்தான் சம்பந்தம் வேண்டாமென்று எழுந்து போனார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு. தவறு. அன்று மதலேன் சிரித்த சிரிப்பு அடங்குமுன் தட்டை அவள் மடியில் வைத்து வாசலைக் காட்டியவன் நான்.