நெல் கடிக்கிற பல்லுக்கு ஒரு கேப்

எங்கள் வீட்டில் நெல் காய்ந்துவிட்டதா என்று சொல்லும் வேலை என்னுடையது. சின்னமனூர்ப் பக்கம் எங்களுக்கு இரண்டு போகம். மெஷின் அறுத்துக் கொட்டிய நெல்லைக் களத்தில் பரப்பி இரண்டு வெயில் காட்டியதும், நாலு மணியைப் பொறுக்கி வலது கடைவாய்ப் பல்லில் வைத்துக் கடிப்பேன். 'டக்'கென்று உடைந்தால் மூட்டை பிடிக்கலாம். நசுங்கினால் இன்னொரு வெயில் வேண்டும். வியாபாரி ஈரம் பார்க்கிற கருவியோடு வருவார். அது சொல்லப்போவதை நான் முதல் நாளே சொல்லியிருப்பேன். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, ஏன் மறைக்க வேண்டும்?

இடது பக்கத்துக் கடைவாய்ப் பற்கள் எப்போதோ போய்விட்டன. போன வருஷம் வலது பக்கத்துப் பல்லும் வலிக்க ஆரம்பித்தது. தேனியில் ஒரு பல் டாக்டரம்மா வேர் சிகிச்சை செய்து, மேலே உறை மாதிரி ஒரு கேப் போட வேண்டும் என்றார். என் மகள் வயதுதான் இருக்கும், ஆனால் பேச்சில் கறார்.

"கடினமா எதையாவது கடிப்பீங்களாம்மா?" என்று கேட்டார்.

"இட்லி, தோசைதான்" என்றேன். வெளியே நின்ற என் வீட்டுக்காரர் இருமினார்.

டாக்டரம்மா கண்ணாடியைக் காட்டினார். அதற்கு எதிர்ப் பல்லின் நடுவில் சின்னதாக ஒரு பள்ளம். "இட்லி இப்படித் தேய்க்குமா?"

மாட்டிக்கொண்டேன். நெல்லைப் பற்றிச் சொல்லித் தொலைத்தேன். அவர் திட்டவில்லை, சிரித்தார். பிறகு ஒரு பெட்டியைத் திறந்து மூன்று மாதிரிகளை எடுத்து வைத்தார். ஒன்று முழு மெட்டல். இன்னொன்று மெட்டலுக்கு மேலே வெள்ளைப் பீங்கான் பூசியது. மூன்றாவது ஜிர்கோனியாவாம், முழுக்க வெள்ளை, பார்க்க அசல் பல்தான். பீங்கான் பூசியது எனக்குச் சரிவராது, நெல்லைக் கடித்தால் சில்லு பெயரும் என்று அதை அவரே பெட்டிக்குள் போட்டுவிட்டார். மற்ற இரண்டும் தாங்கும், ஆனால் எதைப் போட்டாலும் நெல்லைக் கடிக்காமல் இருப்பதே நல்லது என்றார்.

"கடிக்காம இருக்கிறதுக்கு எதுக்கு டாக்டரம்மா கேப்பு? இந்த ரெண்டுல எதுல கடிச்சா ஈரம் பழையபடி தெரியும்? அதச் சொல்லுங்க."

அவர் இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தார். "அது நான் படிச்ச எந்தப் புத்தகத்துலயும் இல்லம்மா."

தெரியாததைத் தெரியாது என்று சொன்னதில் அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துப்போனது. பேங்க்கில் வேலை பார்க்கும் என் மகளோ போனில் ஒரே பிடியாக நின்றாள்.

"எம்மா, வெள்ளையே போடும்மா. சிரிச்சா இரும்புக் கடை மாதிரி தெரியும்."

"கடைவாய் தெரியிற அளவுக்கு இந்த வீட்ல என்னைய யாரு சிரிக்க வைக்கிறா?" என்றேன். மெட்டலுக்கு என் சொந்தப் பல்லைக் குறைவாகச் சீவினால் போதும் என்று டாக்டரம்மா சொன்னதை நான் பிடித்துக்கொண்டேன். இருக்கிற பல்லாவது மிஞ்சட்டும் என்று மெட்டலே போட்டுக்கொண்டேன். வீட்டுக்காரரைக் கேட்டதற்கு, "உன் வாயி, உன் பல்லு" என்று ஒதுங்கிவிட்டார். அவர் எதிலும் அப்படித்தான்.

முறுக்கு, வேர்க்கடலை, கறி எல்லாம் ஜோராகக் கடிபட்டன. அடுத்த அறுப்பு வந்தது. இரண்டாம் நாள் சாயங்காலம் களத்தில் சாக்கோடு ஆட்கள் நின்றார்கள். நான் ஒரு மணியைக் கடித்தேன். 'டக்'. இன்னொன்று. அதுவும் 'டக்'. சந்தேகம் வந்து, அன்று காலையில்தான் மெஷினிலிருந்து இறங்கிய பச்சை நெல் குவியலில் ஒன்றை எடுத்துக் கடித்தேன். அதுவும் 'டக்'! மெட்டலுக்குக் காய்ந்ததும் ஈரமும் ஒன்றுதான் போல.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை பேருக்கு முன்னால் கண்ணைத் துடைக்கவும் வெட்கம். இனி அந்தக் கருவி சொல்வதைக் கேட்டுக்கொண்டு நானும் ஓரமாக நிற்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். வீட்டுக்காரர் பக்கத்தில் வந்தார். ஒரு மணியை வாயில் போட்டு மெதுவாகக் கடித்தார்.

"இன்னும் ஒரு வெயில் வேணும்" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

"உங்களுக்கு இதெல்லாம் தெரியுமா?"

"நம்ம கல்யாணத்துக்கு முந்தியே தெரியும். நீ கடிச்சுச் சொன்ன பெறகு, ஒவ்வொரு தடவையும் நானும் ஒண்ணக் கடிச்சுப் பாப்பேன்."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் ஏறியது. "முப்பது வருசமா என்னைய நம்பாம இருந்தீகளா?"

"நீ ஒரு தடவ கூடத் தப்பாச் சொல்லலையே. பெறகு நான் எதுக்கு வாயத் தொறக்கணும்?"

திட்டுவதற்கு எவ்வளவோ இருந்தது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். "நாளைக்குத்தான் மூட்டை" என்று ஆட்களிடம் நான் சத்தமாகச் சொன்னேன்.

மறுநாள் நல்ல வெயில். சாயங்காலம் களத்தின் அந்த ஓரத்தில் அவர் குனிந்து ஒரு மணியை எடுத்துக் கடிப்பதைப் பார்த்தேன். என் பக்கம் திரும்பி லேசாகத் தலையசைத்தார். அதற்குள் மூட்டை பிடிக்க வந்தவர் அவரிடம் போய், "என்னண்ணே, பிடிக்கலாமா?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் வாயிலிருந்த உமியைத் துப்பினார்.

"என்னைய எதுக்குக் கேக்குற? அங்கன நிக்கிறாள்ல, அவளக் கேளு" என்றார்.