பாதி விட்ட மரங்கள்

எங்கள் குடும்பத்தில் வாத்தியார் வேலை பார்த்த முதல் ஆள் நான்தான். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. மாணவி ஒருத்திதான், என் தங்கச்சி, அவளுக்கு ஏழு. பாடம் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. பணிக்காலம் ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள். ஐந்து நாள் வேலைக்கு இவ்வளவு பெருமையா என்று கேட்கலாம். நாற்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர்களுக்குக்கூட என்னளவு பெருமை இருந்து நான் பார்த்ததில்லை.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, குலசேகரத்தில் ஒரு மாடியறையில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். பெரிய முதுகு வைத்த பழைய மானிட்டர்களோடு நான்கு கம்ப்யூட்டர்கள். கல்ஃப் போகிறவர்களுக்கு பயோடேட்டா அடித்துக் கொடுப்பதுதான் அங்கே முக்கிய வேலை. ஊரிலுள்ளவர்களுக்கெல்லாம் அடித்துக் கொடுத்தவர் கடைசியில் தனக்கும் ஒன்று அடித்துக்கொண்டார். விசா வந்துவிட்டது. மூன்று கம்ப்யூட்டர்களை ஒருவருக்கு விற்பதாகப் பேசி முடித்தார். நான்காவதைப் பற்றிக் கேட்டபோது, "ஒண்ணு நம்ம பிள்ளியளுக்கு இருக்கட்டு" என்றார்.

நம்ம பிள்ளைகள் இரண்டு வீட்டில் இருந்தோம். சிக்கலே அதுதான். எங்கள் வீட்டில் நானும் தங்கச்சியும். பெரியம்மா வீட்டில் இரண்டு அண்ணன்மார், பெரியவன் பத்தாம் வகுப்பு, சின்னவன் எட்டு. அம்மாவும் பெரியம்மாவும் ஆளுக்கு ஆள் "அவியளே எடுக்கட்டு" என்று சொன்னார்கள். சொன்ன விதத்தில் இரண்டு பேருக்கும் விட மனசில்லை என்பது மாமாவுக்குத் தெரிந்துவிட்டது. அக்காமார் இருவரையும் பகைத்துக்கொண்டு விமானம் ஏற அவருக்குத் தைரியம் இல்லை. சென்டர் மூடிக் கிடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் பிள்ளைகள் அங்கே விளையாடுவது வழக்கம். எனவே விளையாட்டையே தீர்ப்புச் சொல்லவிட்டார். வீட்டுக்கு இரண்டு பேர், நான்கு கம்ப்யூட்டர், ஒரே ஆட்டம், ஜெயிக்கிற வீட்டுக்கு அந்த நான்காவது. ஆறாவது ஞாயிறு போட்டி. தோற்று வெளியேறியவர் அதன்பிறகு மவுஸைத் தொடக் கூடாது, வாயும் திறக்கக் கூடாது.

"அவளுக்கு ஏ பி சி டியே தட்டுத்தடுமாறித்தான் வரும் மாமா" என்று நான் முறையிட்டேன்.

"பின்ன நீ சொல்லிக்குடு. வலிய படிப்பாளில்லா நீ" என்று மாமா முடித்துவிட்டார்.

அது லேசான விளையாட்டு இல்லை. வெறும் காட்டில் மூன்று ஆட்களோடு தொடங்க வேண்டும். மரம் வெட்டி, வயல் போட்டு, கல்லும் தங்கமும் தோண்டி, வீடு கட்டி, ஆள் பெருக்கி, படை சேர்த்து, கடைசியில் எதிரியின் ஊரை இடித்துத் தள்ள வேண்டும். எதைக் கட்டினால் எது கிடைக்கும், எந்தப் படையை எந்தப் படை அடிக்கும் என்பதற்கெல்லாம் தனித்தனிக் கணக்கு. எல்லாம் ஆங்கிலத்தில். எனக்கே முழுதாகப் பிடிபட ஒரு வருடம் ஆகியிருந்தது.

நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். சட்டங்களைத் தமிழில் எழுதி எண் போட்டேன். அவள் மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும். முதல் சட்டம், ஒருத்தனும் சும்மா நிற்கக் கூடாது. அதை ஒப்பித்த கையோடு அவள் சந்தேகம் கேட்டாள்.

"அண்ணா, இவனுவ எப்பம் கஞ்சி குடிப்பானுவ?"

"குடிக்க மாட்டானுவ. கம்ப்யூட்டர் ஆளுக்குப் பசிக்காது."

"பின்ன வயலு எதுக்குப் போடச் சொன்ன?"

கேள்வி கேட்காமல் படி என்று சொல்லி அடுத்த சட்டத்துக்குப் போனேன். நல்ல வாத்தியார்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் பிள்ளை கெட்டிக்காரி. ஆங்கிலம் வாசிக்க வராவிட்டாலும் எந்தப் படம் எந்த மூலையில் இருக்கிறது என்பதை இரண்டே ஞாயிறில் பிடித்துக்கொண்டாள். குதிரைப்படைக்கு இடது கையில் எந்த விரல், வில்லாளிக்கு எந்த விரல் என்று நான் சொல்லச் சொல்ல, சாப்பிடும்போது தட்டின் ஓரத்தில் தட்டிப் பழகினாள். ஊருக்கு நுழைகிற இடைவெளியில் மதில் கட்டி வாசல் வைக்கச் சொல்லிக்கொடுத்தேன். அதைக் கட்டி இருபுறமும் காவல் கோபுரம் நிறுத்தி, "நம்ம ஊரு படிப்புர" என்று, பழைய வீடுகளின் வாசல் கட்டடத்துக்குச் சொல்லும் பெயரையே வைத்தாள். மூன்றாவது ஞாயிறில் பன்னிரண்டு ஆட்களை ஒரே சமயத்தில் வேலை வாங்கினாள். மாமா பார்த்துவிட்டு என் முதுகில் தட்டினார். அன்று இரவு எனக்குச் சாப்பாடுகூட சரியாக இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் அவள் மண்டையில் ஏறவில்லை. மரம் வெட்டுவது.

அந்த விளையாட்டில் ஒவ்வொரு மரத்துக்கும் நூறு விறகு. ஆளை மரத்தில் ஏவிவிட்டால் நூறும் தீருகிறவரை வெட்டுவான். தீர்ந்ததும் மரம் மறைந்துவிடும், அடுத்ததற்குப் போவான். நம் வேலை ஏவுவதோடு முடிந்தது. தங்கச்சி அப்படி விடவில்லை. எண்ணிக்கை ஐம்பதுக்கு வந்ததும் ஆளை இழுத்துப் பக்கத்து மரத்துக்கு அனுப்பினாள். அது பாதியானதும் அதற்கடுத்தது. மற்ற வேலைகளையெல்லாம் விட்டுவிட்டு மரம் மரமாக ஆள் மாற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, மரம் இன்னும் தீரல்லியே. ஏன் மாத்துக?"

"பாதி ஆச்சுல்லா. இனியும் வெட்டினா பட்டுப்போவும்."

"பட்டா படட்டு. அது படம்."

"பின்ன நாளைக்கு?"

எங்கள் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகிறவர். இன்றைக்குக் கீழ்க்காட்டில் வெட்டினால் நாளைக்கு மேல்காடு. வெட்டிய மரத்துக்கு ஒரு நாள் ஓய்வு கொடுக்காமல் தினமும் கத்தி வைத்தால் பால் வற்றி மரம் வீணாகிவிடும். எங்கள் பக்கத்தில் இது யாரும் சொல்லிக்கொடுக்கிற விஷயம் இல்லை. சனிக்கிழமை காலையில் அம்மாவும் தங்கச்சியும் அப்பாவுக்கு உதவப் போவார்கள். மரத்தில் கட்டியிருக்கும் சிரட்டையில் வடிந்திருக்கும் பாலை அவள் வாளியில் வழித்து ஊற்றிக்கொண்டே வருவாள். நான் போவதில்லை. எனக்கு சனிக்கிழமை இங்கிலீஷ் டியூஷன். அதோடு, கம்ப்யூட்டர் படிக்கப் போகிறவனுக்கு ரப்பர் பாலின் நாற்றம் ஒத்துக்கொள்ளாது என்றும் எண்ணம்.

"இது ரப்பர் தோட்டமில்ல. முழுசா வெட்டு" என்று தலையில் குட்டினேன். அழவில்லை. தலையாட்டினாள். நான் அந்தப்பக்கம் திரும்பியதும் ஆளை அடுத்த மரத்துக்கு மாற்றினாள். எனக்கு வந்த ஆத்திரத்தில், 'மரத்தை முழுவதும் வெட்ட வேண்டும்' என்று சிவப்பு மையில் நோட்டில் எழுதி, கீழே பத்துத் தடவை எழுதச் சொன்னேன். பத்துத் தடவையும் முத்து முத்தாக எழுதிக் காட்டினாள். அடுத்த ஞாயிறும் பாதியில்தான் மாற்றினாள். ஐந்தாவது வாரம் நான் கைவிட்டேன். ஜெயிக்கப் போவது எப்படியும் நான்தான். அவள் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தால் போதும் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

போட்டி நாளுக்குள் வீட்டில் கம்ப்யூட்டர் வந்துவிட்ட மாதிரியே ஆகியிருந்தது. நான் ஜன்னலோரம் மேசையை ஒதுக்கி வைத்திருந்தேன். அம்மா பழைய சேலை ஒன்றை வெட்டி மானிட்டருக்கு உறையே தைத்துவிட்டாள். பெரியம்மாவிடம் இதைச் சொல்லிவிடாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

ஆறாவது ஞாயிறு காலை பத்து மணிக்கு ஆட்டம் தொடங்கியது. அண்ணன்மாருக்கு சிவப்பும் பச்சையும். எனக்கு நீலம், தங்கச்சிக்கு மஞ்சள். மாமா நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். அம்மாவும் பெரியம்மாவும் ஒரே பெஞ்சில், ஆளுக்கு ஒரு முனையில்.

நான் என் சட்டங்களின்படியே ஆடினேன். ஒருவனையும் சும்மா நிறுத்தவில்லை. ஊரைச் சுற்றியிருந்த மரங்களை மொட்டையடித்து விறகாக்கி, விறகைப் படையாக்கி, இருபதாவது நிமிடத்தில் பெரிய அண்ணனின் சிவப்பு ஊரைப் பார்த்து மொத்தப் படையையும் கிளப்பிவிட்டேன். பாதி வழி போயிருக்கும். அதற்குள் சின்ன அண்ணனின் பச்சைக் குதிரைகள் என் ஊரின் பின்பக்கமாக உள்ளே வந்துவிட்டன. ஆட்டம் தொடங்கும்போது அங்கே காடு இருந்தது. அதை வெட்டவெளியாக்கியது நான்தான். படையைத் திருப்பிக்கொண்டு வருவதற்குள் ஊர் எரிந்து முடிந்தது.

"ஒருத்தன் போனான். இனி பிள்ளதான, ரெண்டு நிமிசம்" என்றான் பெரிய அண்ணன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. நான் எழுந்து தங்கச்சியின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன். வாய் திறக்கக் கூடாது என்று மாமா விரலைக் காட்டினார். தோட்டத்து வேலை முடித்துவிட்டு அப்பா அப்போதுதான் வந்து, வாசலோடு நின்றுவிட்டார். என்ன நிலவரம் என்று கண்ணால் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

சிவப்பும் பச்சையும் சேர்ந்து மஞ்சள் ஊருக்கு வந்தன. வந்து நின்றன. உள்ளே போக வழியில்லை. ஒரு மரம்கூடக் குறையாமல் ஊரைச் சுற்றிக் காடு அப்படியே நின்றது. எல்லாம் பாதி விறகோடு நிற்கிற மரங்கள்தான், ஆனாலும் மரம் மரம்தானே, குதிரை அதற்குள் நுழையாது. இருந்த ஒரே இடைவெளியில் மதிலும் எங்கள் படிப்புரையும். வாசலுக்கு வந்த குதிரைகளைக் கோபுரத்திலிருந்து அம்புகள் சாய்த்தன. சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்கள், காடுதான்.

"லேய், வாசல இடிக்க வண்டி செய்" என்றான் பெரியவன்.

"வெறகு இல்ல."

"உள்ள மரத்த வெட்டு."

"மரமும் இல்ல. ஒனக்கு இருக்கா?"

அவனுக்கும் இல்லை. அவர்கள் பக்கம் முழுவதும் என் பக்கத்தைப் போலவே மொட்டை. தங்கம் குவிந்து கிடந்தது. ஆனால் இடிக்கும் வண்டிக்கும் விறகு வேண்டும், வில்லுக்கும் வேண்டும், விழுந்த வீட்டைத் திரும்பக் கட்டுவதற்கும் வேண்டும். கடைசியில் தங்கச்சியின் காட்டிலேயே ஓரமாக வெட்ட ஆட்களை அனுப்பினார்கள். மரங்களுக்குப் பின்னால் நின்ற வில்லாளிகள் அவர்களை ஒவ்வொருவராகச் சாய்த்தார்கள். உள்ளே அவள் எந்த அவசரமும் இல்லாமல் மரம் மரமாக ஆள் மாற்றிக்கொண்டிருந்தாள். விறகு மெதுவாக ஏறியது. ஆனால் ஏறிக்கொண்டே இருந்தது. ஒரு வில்லாளி, இன்னொரு வில்லாளி, பிறகு ஒரு வண்டி. முக்கால் மணி நேரம் போயிற்று. பெரியம்மா இரண்டு தடவை சோற்றுக்கு நேரமாச்சு என்றாள்.

"அண்ணா, வாசலத் தொறக்கட்டா?" என்று திரும்பிப் பார்க்காமலே கேட்டாள் தங்கச்சி.

மாமா என்னை முறைத்தார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்று தெரிந்ததும் அவளே திறந்தாள். வெளியே வந்த படை அப்படி ஒன்றும் பெரியது இல்லை. ஆனால் விழுந்தவர்களுக்குப் பதில் ஆள் வந்துகொண்டே இருந்தது, எதிரில் அது இல்லை. பச்சை ஊர் விழுந்தது. சிவப்பு ஊரில் பாதி விழுந்தபோது பெரிய அண்ணன் மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தான்.

"தோத்தாச்சு மாமா."

மாமா குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். "மக்கா, இதெல்லாம் ஒனக்கு ஆரு சொல்லித்தந்தா?"

அவள் என்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். "அண்ணன்."

அறையில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். தோற்றுப்போய்ச் சுவரோரம் நின்றவன் நிமிர்ந்தேன். "கொள்ளாமே வாத்தியாரு" என்று மெச்சினார் மாமா. பெரிய அண்ணன்கூட என் தோளைத் தட்டிவிட்டுத்தான் போனான். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வாழ்க்கையில் அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்த சான்றிதழ்கள் எதுவும் அந்த ஒரு சொல்லின் பக்கத்தில் வரவில்லை.

கம்ப்யூட்டரை ஆட்டோவில் கொண்டுபோனோம். அப்பாவின் மடியில் மானிட்டர், என் காலடியில் பெட்டி, அம்மா மடியில் தங்கச்சி, தங்கச்சி மடியில் கீபோர்டு. வழிநெடுக நான் என் பாடம் நடத்தும் முறையை விளக்கிக்கொண்டே வந்தேன். மனப்பாடம், விரல் பயிற்சி, வாராவாரம் பரீட்சை. அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். இருபுறமும் ரப்பர் தோட்டங்கள் வரத் தொடங்கியபோது தங்கச்சி பக்கம் திரும்பினார்.

"மரத்தப் பாதி விட்டு விட்டு மாத்துனியே மக்கா. அதும் அண்ணன் சொன்னதா?"

என் மடியிலிருந்த பையில் நோட்டு இருந்தது. சிவப்பு மையில் சட்டம், கீழே அவள் கையெழுத்தில் பத்து வரி. தங்கச்சி கீபோர்டைப் பார்த்துக்கொண்டே, "ஆமா" என்றாள்.

அப்பா சிரித்தார். "கொள்ளாம்" என்றார், யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. நான் என்னைத்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

அவள் இப்போது திருமணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். கம்ப்யூட்டரில்தான் வேலை. கூட வேலை பார்க்கிறவர்களிடம் இன்றும் என்னைக் காட்டி, "எங்க அண்ணன்தான் எனக்கு மொதல்ல சொல்லித்தந்தது" என்கிறாள். கேட்கும்போதெல்லாம் எனக்கு அன்று போலவே நெஞ்சு நிமிர்ந்துவிடுகிறது. அன்று ஆட்டோவில் நான் நினைத்தது வேறு. சின்னப்பிள்ளை, எதை யார் சொல்லித்தந்தார்கள் என்பதுகூட அவளுக்கு நினைவில்லை, பாவம், நாம் ஏன் திருத்த வேண்டும் என்று பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் காட்டு மரங்களுக்கு விட்டதுபோல எனக்கும் அவள் பாதியை விட்டுவைத்திருந்தாள் என்பது, வீட்டு வாசலில் ஆட்டோ நின்று, இறங்கி உள்ளே போய் உறையோடு ஓடிவந்த அம்மாவிடம் நான் மறுபடியும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கியபோதுகூட எனக்குத் தெரியவில்லை.