ஆள்காட்டியும் அண்ணன் வாங்கிவந்த பைனாகுலரும்

போன ஞாயிற்றுக்கிழமை மகள் பள்ளிக்கூட வேலைக்காகப் போனில் பறவைக் குரல்களைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் சோபாவில் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று 'டிட்டி… டிட்டிட்டி!' என்று ஒரு கத்தல். தூக்கிவாரிப் போட்டது. சட்டென்று அவரைவிட்டு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தேன், வெங்காயத் தட்டு கீழே. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்தும் ஒரு குருவிக்குப் பயப்படுகிறவளைப் பார்த்தால் நீங்களும் சிரிப்பீர்கள்.

கல்யாணத்துக்கு முன்பு நான் இலுப்பூரில் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். அவர் அங்கேயே கணக்கு சார். எங்கள் காதலுக்கு நாலு மாதம்தான் வயது. மெசேஜைத் தாண்டி வேறெதுவும் அறியாத பச்சைப்பிள்ளை. வீட்டிலோ ஜாதகம் எடுத்துவிட்டார்கள், வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். அந்த வாரம் பார்த்து சயின்ஸ் டீச்சர் பறவை பார்க்க வேன் ஏற்பாடு செய்ய, எனக்குப் பறவைகள்மேல் பாசம் பொத்துக்கொண்டு வந்தது.

"மயில் பாக்கப் போறோம்மா."

"நம்ம கொல்லையிலயே நாலு நிண்டு கடலச் செடியக் கொத்துது. அதப் பாக்க வேன் வேறயா?"

"இல்லம்மா, வெளிநாட்டுலேருந்து வர்ற பறவையெல்லாம் இருக்காம்."

துபாயிலிருந்து லீவில் வந்திருந்த அண்ணன் தோசையிலிருந்து தலைதூக்கினான். "நானுந்தான் வெளிநாட்டுலேருந்து வந்திருக்கேன். என்னயப் பாக்க ஒரு வேனும் வரலயே!"

"அப்ப நீயும் தொணைக்குப் போ" என்றார் அம்மா. நுணலும் தன் வாயால் கெடும் என்பது எனக்காகச் சொன்னது.

அண்ணனின் பெட்டியைத் திறந்தால் சென்ட்டும் சோப்பும் கலந்த ஒரு வாசனை வரும். அந்த வாசனையோடு வெளியே வந்ததுதான் பைனாகுலர். எதற்கு வாங்கினான் என்று அவனுக்கே தெரியாது.

விராலிமலைப் பக்கம் வனத்துறை வேலி போட்டுக் காத்த புதர்க்காடு அது. ஒரு ஓரத்தில் கண்மாய், சுற்றிவர நடைபாதை. பளிச்சென்று உடுத்தக் கூடாது என்று சயின்ஸ் டீச்சர் சொல்லியிருந்தார். நான் இலைப்பச்சைச் சுடிதார், அவர் காக்கிச் சட்டை. பறவைகளுக்காக என்று எல்லோரும் மெச்சினார்கள். எங்களுக்குத்தானே தெரியும், யார் கண்ணுக்குத் தப்ப என்று!

மற்றவர்கள் கரையைச் சுற்றி எதிர்ப்பக்கம் போனதும், நாங்கள் மெல்லப் பின்தங்கி, வேலியின் திறப்பு வழியே, வெளியே கரையை ஒட்டி இருந்த சரளைத் திடலில் இறங்கினோம். அங்கேதான் அவர் முதன்முதலாக என் கையைப் பிடித்தார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பாவாமலே இருந்திருக்கலாம்.

"டீச்சர், கால நகத்தாதீங்க!" (காதலிக்கும்போதும் டீச்சர்தான்.)

சரளைக்கல் என்று நான் நினைத்தவை முட்டைகள். என் செருப்புக்கு நாலு விரல் தள்ளி, நாலு. அடுத்த நொடி தலைக்குமேல் அந்தக் கத்தல், ஆளைக் கண்டால் கத்தி ஊரைக் கூட்டுகிற குருவி.

"ஆள்காட்டி! எல்லாரும் அங்கிட்டுப் பாருங்க!" என்று எதிர்க்கரையில் சயின்ஸ் டீச்சர் குதித்தார்.

எல்லோரும் திரும்பினார்கள். அண்ணன் பைனாகுலரைத் தூக்கினான். நகர்ந்தால் முட்டை போகும், நின்றால் மானம் போகும். நின்றோம். கையையாவது விட்டிருக்கலாமே என்பீர்கள். அது இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

வேனில் அண்ணன் பைனாகுலரைத் துடைத்துக்கொண்டே வந்தான். வீட்டு வாசலிலேயே அம்மா கேட்டார்: "என்னடா பாத்தீங்க?"

"ஆக்காட்டி பாத்தோம்மா."

"அது நம்ம வயல்லயே கத்துமே!"

"இது ஜோடியா நிண்டுச்சு" என்றவன், என்னைப் பார்க்காமலே சொன்னான்: "வெள்ளிக்கெழம யாரையும் வரச்சொல்லாதீங்க. ஒங்ககிட்ட ஒரு விசயம் பேசணும்."

அடுத்த லீவுக்கு அவன் வந்தது என் கல்யாணத்துக்கு.

போன ஞாயிறு வெங்காயத்தைப் பொறுக்கிவிட்டு, அன்று மாலையே வண்டியை எடுத்துக்கொண்டு அங்கே போனோம். காடு வேலிக்குள் பத்திரமாக இருக்கிறது. வெளியே இருந்த சரளைத் திடல்தான் இல்லை. பிளாட் போட்டு, வரிசையாக மஞ்சள் கல் நட்டிருக்கிறார்கள். எந்த இடம் என்று குத்துமதிப்பாகக் கண்டுபிடித்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மகள் சலித்துப்போய் "போலாம்மா" என்கிற வரை நின்றோம்.

எங்களைக் காட்டிக்கொடுக்க ஒரு குருவிகூட வரவில்லை.