காது குத்திய தேவதைகள்

குளியல் துவாயில் சுற்றிக் காரின் பின் இருக்கையில் கிடத்தி, பெல்ட்டும் போட்டுக் கொண்டுபோன அந்த பிளாஸ்டர் குழந்தையின் முகம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. கன்னம் உப்பிய, இறக்கை முளைத்த தேவதைக் குழந்தை. எங்கள் வீடு இருக்கும் சென்ட் லோரன்டிலிருந்து நகர மையம் வரை தெருவில் பள்ளம் வந்தபோதெல்லாம் நான் திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்தேன். பக்கத்தில் இருந்த அண்ணியோ சிரித்தார்: “தம்பி, நீர் முன்னுக்குப் பாத்து ஓட்டும். அவன் நல்ல நித்திரை.”

போன இடம் ஒரு பழைய வங்கி மண்டபம். அதன் அலங்காரம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்திரியாவிலிருந்து வந்த சிற்பி ஒருவர் செய்தது. வியன்னாவில் மாளிகைகளுக்கும் அரங்குகளுக்கும் சிலை செய்து கைதேர்ந்தவராம். இங்கே கூரையடி முழுவதும் தேவதைக் குழந்தைகளைப் பறக்கவிட்டிருந்தார். மழைநீர் ஒழுகிப் பாதி உதிர்ந்துபோயிற்று. அதைத் திருத்தும் வேலையில் பிளாஸ்டர் குழைத்துக்கொண்டிருந்த நான், பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “எங்கள் அண்ணி செய்வார்” என்று சொல்லிவிட்டேன். அண்ணி கேக் அலங்கரிப்பவர். பேக்கரி மூடியதால் வேலையில்லாமல் இருந்தார். மாதிரிக்கு ஒன்று செய்யட்டும், சரிவந்தால் மிச்சமெல்லாம் அவருக்கு என்றார் அந்த வேலைக்குப் பொறுப்பாக இருந்த பிரெஞ்சுக்கார மதாம். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அண்ணி குசினி மேசையில், உதிர்ந்து விழுந்த பழைய தேவதை ஒன்றை மாதிரிக்கு வைத்து விரலால் தடவித் தடவிச் செய்தார். ஆஸ்திரியாக்காரரோடு கூடவே வேலை செய்கிறவர் மாதிரிப் பேச்சு வேறு: “இந்த மனுசன் முழங்காலில பஞ்சிப்பட்டு அரைகுறையா விட்டிருக்கிறார், பாத்தீரே?”

மண்டபத்தில் துவாயை அவிழ்த்துப் பழையதற்குப் பக்கத்தில் வைத்தோம். மதாம் குனிந்தார். அப்போதுதான் நான் கண்டேன்.

“அண்ணி, காதில ஓட்டை!”

“ஐயோ, கை தானாக் குத்திப்போட்டுது!”

எங்கள் சனத்தின் காதுகுத்துக் கேக்குகளுக்குச் சீனியில் குழந்தை செய்து, கடைசியில் பல்லுக்குச்சியால் இரண்டு காதிலும் குத்துவது அவர் வழக்கம். நான் ஈரப் பிளாஸ்டரை விரலில் அள்ளி ஓட்டையை அடைக்கப் பாய்ந்தேன். மதாம் என் கையைப் பிடித்துக்கொண்டு, இது என்ன என்று கேட்டார். அண்ணி தன் பேக்கரிப் பிரெஞ்சில் உள்ளதைச் சொன்னார். மதாம் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, பழையது எது, புதியது எது என்று பின்னால் வருகிறவர்கள் அறிய எப்படியும் ஓர் அடையாளம் வேண்டும், இதுவே இருக்கட்டும், எல்லாவற்றுக்கும் குத்துங்கள் என்றார்.

எனக்கு உடனே விளங்கவில்லை. அண்ணிக்கு விளங்கிவிட்டது. “கேட்டீரே தம்பி? எல்லாத்துக்குமாம்! மிச்சமெல்லாம் எனக்குத்தான்!” என்று மண்டபம் அதிரக் கத்தினார்.

இப்போது அந்த மண்டபத்தில் உணவகம் நடக்கிறது. சனங்கள் கோப்பி குடித்தபடி அண்ணாந்து பார்த்து வியக்கிறார்கள். அதைப் பார்த்து அடுத்த வேலைக்கும் அண்ணியைக் கூப்பிட்டுவிட்டார்கள்; இப்போது கியூபெக் நகரத்தில், பெரிய நாடக அரங்கு ஒன்றின் கூரையடியில் சாரத்தில் நிற்கிறார். போன கிழமை மனம் கேளாமல் போன் எடுத்து, சாரம் உறுதியோ என்று கேட்டேன்.

“ஓம், ஓம். போனை வையும் தம்பி. இங்கத்தைத் தேவதைப் பெட்டையளுக்குக் காது குத்திக்கொண்டு நிக்கிறன்.”