ராசி நூலும் ஜானட் மாட்டிய சுவிட்சும்

ஜானட் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்க மாட்டாள். "மெயின் எங்க கீது?" என்றுதான் கேட்பாள். வீட்டுக் கரண்டையே நிறுத்திவிடும் பீஸ் கட்டையைப் பிடுங்கித் தன் காக்கிப் பைக்குள் போட்டுக்கொண்ட பிறகுதான் விளக்கின் மேல் கை வைப்பாள். சீரியல் ஓடிக்கொண்டிருக்கிறதே, கிரைண்டரில் மாவு கிடக்கிறதே என்று யார் முனகினாலும் அவளுக்குக் காது கேட்காது. "மாவு புளிச்சா தோச ஊத்திக்கலாம். நான் புளிச்சிட்டா இன்னா பண்ணுவ?" என்பாள். கட்டை வேலை முடியும் வரை பைக்குள்ளேயே இருக்கும்.

கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலுமாகப் பல வருஷம், விம்கோ நகர் பக்கம் சுவிட்ச் செய்யும் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலை பார்த்தவள். பித்தளைத் தகடும் ஸ்பிரிங்கும் வைத்து மூடி போடும் வரிசையில் அவள் இடம். அவள் கை பட்ட சுவிட்சுகள் எந்தெந்த ஊர்ச் சுவர்களிலோ இருக்கின்றன, ஒன்றிலும் அவள் பெயர் இல்லை. கம்பெனி ஆள் குறைத்தபோது முதல் ஆளாகக் குறைந்தாள். "கொஞ்ச நாளு வூட்ல குந்தேன்" என்றான் துறைமுகத்தில் வேலை பார்க்கும் கணவன் அலெக்ஸாண்டர். குந்துகிற பிறவியா அது? அடுத்த வாரமே எதிர்வீட்டில் ஆடிக்கொண்டிருந்த பல்பு ஹோல்டரைக் கழற்றிப் புதிதாக மாட்டிவிட்டாள். ஆம்பளைகள் கடலுக்கும் ஹார்பருக்கும் போயிருக்கும் நேரத்தில், படுக்கையறை விளக்கு வரைக்கும் தயங்காமல் கூப்பிடக்கூடிய எலெக்ட்ரீஷியன் என்று இராயபுரத்துப் பெண்களிடம் பெயர் பரவியது.

வேலைக்குப் பஞ்சமே இல்லை. கடலை ஒட்டிய தெருக்களில் உப்புக் காற்று எந்தப் பித்தளையையும் சும்மா விடாது. ஹோல்டருக்குள் இருக்கும் பித்தளை முள் பச்சை பூத்து உள்ளே அமுங்கிவிடும், பல்பு மினுக்கும். உடனே வீட்டு ஆம்பளைக்கு வீரம் வந்துவிடும். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை மடித்து உள்ளே திணிப்பான், பல்பு எரியும், மறுநாள் ஹோல்டரும் எரியும். அப்படிக் கருகிய ஹோல்டர் ஒவ்வொன்றையும் வீட்டுக்காரன் மூக்குக்கு நேரே பிடித்துக் காட்டாமல் ஜானட் வெளியே வர மாட்டாள். வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் அவள் மாட்டிய ஹோல்டர் ஆடினதாக யாரும் சொன்னதில்லை.

அதனால்தான் பச்சையம்மா சொன்னது அவளைச் சுட்டது. பச்சையம்மா பின் தெருக்காரி, சமையலறை விளக்கு மாற்ற ஜானட்டை வரச் சொல்லியிருந்தவள். காலையில் போனவளை வாசலிலேயே மடக்கினாள்.

"வேணாம் ஜானட்டு, அப்பால பாத்துக்கலாம். நீ போட்ட சுவிட்சு ஷாக் அடிச்சு எங்க பக்கத்து வூட்டு சிலுவையம்மா கை மரத்துப் போச்சாமே. தெருவே பேசிக்கினு கீது."

வேறு எந்தக் கெட்ட பெயரையும் துடைத்துவிடலாம், ஷாக் அடிக்கும் கை என்று பெயர் வாங்கினால் ஒரு வீட்டுக் கதவும் திறக்காது. போன வாரம்தான் சிலுவையம்மாள் வீட்டில் மாதா படத்துக்கு முன்னால் இருக்கும் சின்ன விளக்குக்கு ஹோல்டரும், ஒயர் நடுவே கட்டைவிரலால் தள்ளுகிற சுவிட்சும் மாற்றிக் கொடுத்திருந்தாள். மூடியைத் திருகியது நினைவிருந்தது. தப்பாக மாட்டவில்லை என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அப்படியே திரும்பி, நாலு எட்டில் பக்கத்து வீட்டுப் படி ஏறினாள். வேடிக்கையை விட மனசில்லாமல் பச்சையம்மாவும் பின்னாலேயே வந்தாள்.

சிலுவையம்மாள் கையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "சாயங்காலம் செபத்துக்குப் போடலாம்னு தொட்டேன் ஜானட்டு. சுர்ருனு தோள் வரிக்கும் ஏறிச்சு."

விளக்கு துண்டில் சுற்றி மூலையில் இருந்தது. பிரித்ததும் ஜானட்டுக்கு விஷயம் புரிந்துவிட்டது. சுவிட்சைச் சுற்றி நெருக்கமாக, அழகாக, நீல வலைநூல் சுற்றியிருந்தது.

அது அருள்பிரகாசத்தின் கைவேலை. சிலுவையம்மாளின் கணவர், கடலில் பாதி ஆயுளைக் கழித்தவர். ஒரு காலத்தில் படகு கொள்ளாமல் மீன் கொடுத்த வலை ஒன்று கிழிந்துபோனபோது, அதன் நூலைப் பிரித்துக் கண்டாக வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வரும் புதுப்பொருளில் மனசுக்குப் பிடித்ததற்கு மட்டும் அந்த ராசி நூல் சுற்றப்படும். சைக்கிள் கைப்பிடி, எஞ்சின் கைப்பிடி, தண்ணீர்க் குடத்தின் கழுத்து என்று எல்லாம் நீலம். அவர் நூல் சுற்றாத பொருள் அவர் மதிக்காத பொருள் என்று தெருவுக்கே தெரியும்.

ஜானட் மூடியைத் திறந்தாள். முடிச்சு நழுவாமல் இருக்க, மூடியின் திருகாணியைத் தளர்த்தி நூலின் முனையை உள்ளே செருகியிருந்தார் மனுஷன். அது கரண்ட் வரும் திருகாணியின் மேல் சொகுசாகப் படுத்திருந்தது.

"மாமா, இதான் ஷாக் அடிச்சுது."

"அய்ய! நூலு எங்கனா ஷாக் அடிக்குமா? நூலு இன்னா கம்பியா?" என்றார் உள்ளேயிருந்து வந்த அருள்பிரகாசம்.

பழையபடி மூடி, விளக்கை பிளக்கில் செருகி, நூலின் மேல் கரண்ட் பார்க்கும் டெஸ்டரை வைத்தாள். டெஸ்டர் எரியவில்லை. அழுத்தி வைத்துப் பார்த்தாள். அப்போதும் எரியவில்லை. வாசலில் பச்சையம்மா உச்சுக் கொட்டியது தெளிவாகக் கேட்டது.

ஒரு நிமிஷம் ஜானட்டுக்கே சந்தேகம் வந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நூலின் வெளிப்பக்கத்தை நாக்கில் வைத்துப் பார்த்தாள். கரித்தது. அவ்வளவுதான், முகம் தெளிந்துவிட்டது.

"உப்பு மாமா. இந்நேரம் தரைப்பக்கத்துலேர்ந்து வர்ற காத்து, காஞ்ச காத்து. அதான் நூலு சாதுவா கீது. யக்காவுக்கு எப்ப அடிச்சுது? சாயங்காலம். உப்பு ஈரத்த இழுத்துக்கும், ஈரத்துல கரண்ட் ஏறும்."

"தண்ணி ஊத்திக் காட்டுவ, தெரியாதா? தண்ணி ஊத்துனா எதுதான் அடிக்காது?"

"ஒரு சொட்டு ஊத்த மாட்டேன். கடல் காத்து வரட்டும். நான் குந்திக்கினு கீறேன்."

குந்தினாள். விளக்கை ஜன்னலோரம் நகர்த்தி வைத்தாள். சிலுவையம்மாள் பொறுக்கமாட்டாமல் சோறு போட்டு நெத்திலிக் குழம்பு ஊத்தினாள். தெருவே சந்தேகப்படும் ஆளுக்கு நெத்திலிக் குழம்பு கிடைப்பது இராயபுரத்தில் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு ஜானட் நன்றாகவே சாப்பிட்டாள். அருள்பிரகாசம் சாப்பிடவில்லை. விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியம் சாய்ந்ததும் ஜன்னல் திரை உள்பக்கமாக உப்பியது. கழுத்து பிசுபிசுத்தது. சுவரில் மாட்டியிருந்த காலண்டர்த் தாள்கள் தொய்ந்தன. ஜானட் பிளக்கைச் செருகினாள், டெஸ்டரைத் தான் வைக்கவில்லை, அருள்பிரகாசத்திடம் நீட்டினாள்.

"நீங்களே வையுங்க மாமா."

வைத்தார். டெஸ்டருக்குள் சிவப்பாக எரிந்தது. எடுத்தார், அணைந்தது. மறுபடியும் வைத்தார். பிறகு டெஸ்டரைக் கீழே போட்டுவிட்டு மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என் கையாலயே உன்ன அனுப்ப இருந்தேனேடி."

"அத்தினி ஈசியா போயிருவேனா? உடுய்யா" என்றாள் சிலுவையம்மாள்.

ஜானட்டுக்குக் கோபம் இருந்தது, மறைக்கவுமில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டா இன்னா மாமா? நான் மூடுன சுவிட்ச இன்னாத்துக்குத் தொறந்தீங்க?"

"நல்லா செஞ்சிருந்தம்மே" என்றார் அவர், தலை நிமிராமல். "கடையில வாங்குனது மாறியே இல்ல. அத்தொட்டுதான் கட்டுனேன்."

கம்பெனியில் அத்தனை வருஷம் மூடி போட்டதற்கு ஒருத்தரும் இப்படிச் சொன்னதில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பீஸ் கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டாள். நூலை ஒரு இடத்திலும் அறுக்காமல் அவிழ்த்தாள். உப்பு பட்டதைக் கழற்றிவிட்டுப் புது சுவிட்சை மாட்டி, மூடியைத் திருகி, கட்டையைத் திரும்பப் போட்டுச் சிலுவையம்மாளையே தள்ளச் சொன்னாள். மாதா முகத்தில் வெளிச்சம் விழுந்தது.

அவிழ்த்த நூலை எங்கே போடுவது என்று தெரியாமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தார் அருள்பிரகாசம். ஜானட் தன் காக்கிப் பையை அவர் மடியில் வைத்தாள்.

"டெஸ்டர்ல வேணாம், பிளையர்ல வேணாம். இந்தப் பை காதுல சுத்துங்க. உள்ள குந்தி இல்ல, வாசப்படில குந்தி சுத்துங்க. இன்னா ஆச்சுன்னும் நீங்களே சொல்லணும். நாளைக்கு வேற எவனாச்சும் சுவிட்சுல நூல் கட்டப் போறான்."

அவர் படியில் உட்கார்ந்து, வலை பின்னும் அதே கையால், பையின் காதில் நெருக்கமாக நூல் சுற்ற ஆரம்பித்தார். தண்ணீர் பிடிக்கப் போனவர்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார்கள். அது யாருடைய நூல் என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"இவ மேல தப்பு இல்லப்பா" என்றார் தெரு முழுக்கக் கேட்கிற குரலில். "நாந்தான் உப்பு நூல சுவிட்சுக்குள்ள செருகிட்டேன். எவனும் அந்த வேலைய செஞ்சிறாதீங்க."

பச்சையம்மா தன் வீட்டுக்குள் போனாள். உள்ளே ஓடிக்கொண்டிருந்த டிவி பட்டென்று நின்றது. திரும்பி வந்தவள் கையில் அவள் வீட்டு பீஸ் கட்டை இருந்தது. ஜானட் பையைத் திறந்து பிடித்தாள். பச்சையம்மா கட்டையை அதற்குள் போட்டாள்.